மூட்டையாகத்தான் வாங்க வேண்டுமா?
காரின் பியூயல் பம்ப் செலவு பற்றி ஒரு வியாபாரியின் கருத்து

சென்ற மார்கழி மாதம் நமது சங்க உறுப்பினர் ஒருவர் என் கடைக்குத் தரவேண்டிய வாரத் தவணையைத் தரவில்லை. ஒரகடம் பக்கம் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். பத்து வருஷமாக நாணயம் தவறாதவர். மறுவாரமும் பணம் வராமல் போகவே ஆளை அனுப்பிக் கேட்டேன். "வண்டி ரிப்பேர், அண்ணாச்சி. அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. வண்டி ரிப்பேர் என்பது நமது தொழிலில் பழைய சாக்கு என்பது உங்களுக்குத் தெரியும். நான் போனில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அன்று சாயங்காலமே அவர் பில்லை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு நேரில் வந்துவிட்டார். பில்லைப் பார்த்த பிறகு நான் பேசியது தவறு என்று தெரிந்தது. அந்தப் பில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவரிடம் இருப்பது ஒரு பழைய பெட்ரோல் வேன். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் விடுதிகளுக்கு ஆட்டா, கடுகு எண்ணெய், உருளைக்கிழங்கு போடுவது அவருடைய வியாபாரத்தில் பாதி. விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் சரக்கோடு வேன் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டுபோய் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார்கள். பியூயல் பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்ப் அசெம்பிளி 6,200, லேபர் 1,200, இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,332, ஆக 8,732 ரூபாய். இழுத்து வந்த வண்டிக்கு 1,500. மொத்தம் 10,232. கல்லாவில் அவ்வளவு இல்லை. தண்டல்காரரிடம் 10,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டு 8,500 வாங்கியிருக்கிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மீதியைக் கல்லாவிலிருந்து எடுத்தார். நான்கு நாள் வண்டி இல்லாததால் இரண்டு விடுதிகள் வேறு கடைக்குப் போய்விட்டன.

இவ்வளவும் ஆகி மூன்றாம் நாள் வேன் மறுபடியும் நின்றது. இந்த முறை வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தார். பம்புக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அதைச் சுரண்டி, புது முனை போட்டுக் கட்டினார். 150 ரூபாய். அதற்குப் பிறகு வேன் நிற்கவில்லை.

"பழைய பம்ப் எங்கே?" என்று கேட்டேன். "அதை அவர்கள் தரவில்லை, அண்ணாச்சி. நானும் கேட்கவில்லை" என்றார். அந்தப் பம்ப் நல்ல பம்பா, கெட்ட பம்பா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மளிகை வியாபாரிக்கு வண்டியின் உள்பாகம் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். தராசு பற்றி நமக்குத் தெரியாமல் தொழில் செய்ய முடியுமா? இன்று வண்டியும் தராசு மாதிரிதான். வண்டி நின்றால் கடை நிற்கிறது. எனவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பம்ப் என்று நான் சொல்வது பெட்ரோல் போடும் பங்க்கை அல்ல. டாங்கில் இருக்கும் பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளும் பம்பை.

நான் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1980-களில், எங்கள் முதலாளியிடம் ஒரு அம்பாசடர் கார் இருந்தது. அதில் பம்ப் என்ஜினின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி இருக்கும். கரண்ட் கிடையாது. என்ஜின் சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒரு நெம்புகோலைத் தட்டும், அது உள்ளே இருக்கும் ரப்பர் டயபிரத்தை இழுத்து விடும், பெட்ரோல் ஏறும். அவ்வளவுதான். சித்திரை, வைகாசி வெயிலில் பம்ப் சூடேறிப் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், டிரைவர் ஈரத்துணியை அதன்மேல் போட்டுவிட்டுப் புளியமர நிழலில் பீடி குடிப்பார். கால்மணி நேரத்தில் வண்டி புறப்படும். டயபிரம் கிழிந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அந்தக் கிட் மட்டும் தனியாகக் கிடைக்கும். சுங்குவார்சத்திரத்தில் ஒரு தெருவோர மெக்கானிக் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வைத்துக்கொண்டு அரைமணியில் மாற்றித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். முழுப் பம்பும் வாங்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கார் பெட்ரோலைக் குடித்த குடி தனிக் கதை. பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

இந்த நிலைமை மாறியதை நமது பகுதிக்காரர்கள் பக்கத்திலிருந்தே பார்த்தோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தி தொடங்கி சாண்ட்ரோ வெளியே வந்தபோது அதில் கார்புரேட்டரே இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் மற்ற கார்களும் அந்த வழிக்கே வந்தன. இந்த முறையில் பெட்ரோலை ஊசிமுனை போன்ற துளை வழியாகத் தெளிக்க வேண்டும். அதற்குப் பழைய பம்பின் அழுத்தம் போதாது. கார்புரேட்டர் வண்டிக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அழுத்தம் இருந்தாலே வண்டி ஓடும். இதற்கு மூன்று கிலோ அளவுக்கு வேண்டும். ஆகவே மின்சார மோட்டார் வைத்த பம்ப் வந்தது. அதைப் பெட்ரோல் டாங்குக்குள்ளேயே மூழ்கவிட்டார்கள். சுற்றியிருக்கும் பெட்ரோலும், உள்ளே ஓடும் பெட்ரோலும்தான் அதற்குக் குளிர்ச்சி தருகின்றன.

நல்ல ஏற்பாடுதான். மைலேஜ் கூடியது, புகை குறைந்தது, ஈரத்துணி வேலை ஒழிந்தது. ஆனால் ரிப்பேர் செலவில்தான் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த அசெம்பிளிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: சிறிய மோட்டார், அடியில் ஒரு வலை, பில்டர், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் மிதவை, இவற்றையெல்லாம் தாங்கும் பிளாஸ்டிக் கூடு, ஒயர், மூடி. கெட்டுப்போவது அநேகமாக மோட்டார், இல்லாவிட்டால் வலை அடைத்துக்கொள்ளும். ஆனால் பல கம்பெனி கவுன்டர்களில் மோட்டாரை மட்டும் கேட்டால் அப்படி ஒரு பார்ட் நம்பரே கிடையாது என்கிறார்கள். முழு அசெம்பிளிதான்.

வியாபாரிகளான நாம் இதை யோசிக்க வேண்டும். ஒரு அம்மா வந்து கால்கிலோ துவரம்பருப்பு கேட்டால், "50 கிலோ மூட்டையாகத்தான் தருவேன், கூடவே சாக்கும் தராசும் வாங்கிக்கொள்" என்று நாம் சொன்னால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். உடைத்து விற்பதுதான் நமது தொழில். அதில்தான் நமக்கு வேலையும் இருக்கிறது, சேதாரமும் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் பக்க நியாயத்தையும் சொல்கின்றன: மோட்டாரை மட்டும் மாற்றினால் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் பெட்ரோல் கசியும், பிளாஸ்டிக் கிளிப் உடையும், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெட்ரோல் டாங்கின் வாயைத் திறப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. ஆனால் ஆபத்து என்பதற்காக மோட்டாரையே விற்கமாட்டேன் என்பது என்ன நியாயம்? வளையத்தையும் சேர்த்து ஒரு சிறு பெட்டியில் போட்டு, விலை அச்சடித்து, மாற்றும் முறையையும் எழுதி விற்கலாமே. நாம் விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருஷம், முகவரி இருக்கிறதா என்று முத்திரை ஆய்வாளர் வந்து பார்க்கிறார். பொட்டலமாக வரும் உதிரி பாகத்துக்கும் அதே விதிகள்தான். அந்தப் பெட்டியைக் காட்டுங்கள் என்று கேட்டு, எம்.ஆர்.பி.யைப் பில்லோடு ஒத்துப் பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 2011-இல் ஒருவர் கொடுத்த புகாரின்மீது இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்புச் சொன்னது. அசல் உதிரி பாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்காமல் செய்து, ரிப்பேர் வேலையைத் தங்கள் டீலர்களிடமே வைத்துக்கொண்டதாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பாகங்களைத் தயாரித்துத் தருபவர்கள் அவற்றை வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக என்று மத்திய அரசு ஒரு இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தீர்ப்பும் தளமும் இருந்தும் நம் உறுப்பினர் 100 நாள் தண்டல் கட்டினார்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிந்திருக்காது. பம்பில் தயாரிப்புக் கோளாறு இருந்து, கம்பெனியே வண்டியை அழைத்து இலவசமாக மாற்றித் தந்த சம்பவங்கள் உண்டு. 2020 ஜூலையில் மாருதி நிறுவனம், ஒரு லிட்டர் என்ஜின் உள்ள வேகன் ஆர், பெட்ரோல் பலேனோ இரண்டும் சேர்த்து 1,34,885 கார்களைப் பியூயல் பம்ப் சந்தேகத்தின்பேரில் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் மேலும் 16,041 கார்கள். ஹோண்டா நிறுவனம் 2021 ஏப்ரலில் 77,954 கார்களை அழைத்தது. பம்புக்குள் சுழலும் சிறு சக்கரத்தில் குறை இருக்கலாம், நாளடைவில் என்ஜின் நின்றுபோகலாம் என்று சொன்னது. 2024 அக்டோபரில் மறுபடியும் 90,468 கார்கள். அத்துடன் இன்னொரு 2,204 கார்கள். இவை முன்பே ரிப்பேரின்போது உதிரி பாகமாக இந்தப் பம்ப் போடப்பட்ட வண்டிகள். அதாவது காசு கொடுத்துப் போட்ட புதுப் பம்பும் கோளாறு பட்டியலில் வந்திருக்கிறது. கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு வந்தே இருக்காது. நம்மில் பாதிப் பேர் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் வைத்திருக்கிறோம். ஆகவே பம்புக்குப் பணம் கொடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைப் பையனே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடுவான்.

இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தது எனக்கே உதவும் என்று அப்போது நினைக்கவில்லை. மாசி மாதம் அரிசி பார்க்கச் செங்குன்றம் போகும் வழியில், வெளிவட்டச் சாலையில் என் கார் நின்றுவிட்டது. பத்து வருஷ வண்டி, சிறிய பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி 'உம்ம்' என்று ஒரு சத்தம் வரும், அன்று வரவில்லை. கம்பெனி சர்வீஸில் போனில் கேட்டதற்கு அசெம்பிளி, லேபர், வரி சேர்த்து 11,000 ரூபாய் ஆகலாம் என்றார்கள். சேஸிஸ் நம்பரைப் பார்த்தேன். என் வண்டி எந்த அழைப்பிலும் இல்லை. படப்பையில் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் கொண்டுவந்தேன்.

"அண்ணாச்சி, பம்பைக் கழற்றுறதுக்கு முன்னாடி பியூஸையும் ரிலேயையும் பார்த்துடுவோம்" என்றார். இரண்டும் சரியாக இருந்தன. பம்புக்குப் போகும் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் வந்தது, எர்த்தும் சரி. அதற்குப் பிறகுதான் பின் சீட்டைத் தூக்கினார். மோட்டாருக்கு நேரடியாக பாட்டரி கொடுத்தும் சுற்றவில்லை. மிதவை நன்றாக இருந்தது. வெளிச்சந்தையில் நல்ல கம்பெனி மோட்டார் 2,150, வலை 180, புது ரப்பர் வளையம் 120, கூலி 800. ஆக 3,250 ரூபாய். நான்கு மாதமாக ஓடுகிறது. நாளைக்கு நின்றால் அதையும் இந்த இதழிலேயே எழுதுவேன்.

மலிவு என்று இதற்கு ஓடவும் கூடாது. டீத்தூளிலும் மசாலாவிலும் டூப்ளிகேட் வருவது போல இந்த மோட்டாரிலும் பெரிய கம்பெனி பெயர் போட்ட டூப்ளிகேட் வருகிறது. பில் இல்லாமல் தருகிற கடையில் வாங்காதீர்கள். ரெகுலேட்டரோ கூடோ போயிருந்தால் முழு அசெம்பிளி வாங்குவதே சரி. அப்போது பேரம் பேசிக் காலம் கடத்தினால் நமக்குத்தான் நஷ்டம். டாங்க்கை இறக்கித்தான் பம்பை எடுக்க முடியும் என்ற வண்டிகளும் உண்டு. அவற்றில் கூலி கூடத்தான் ஆகும். மெக்கானிக் பீடி குடித்துக்கொண்டே டாங்க்கைத் திறக்கிறார் என்றால் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

பம்ப் சீக்கிரம் போவதில் நமது பங்கும் இருக்கிறது. 200 ரூபாய்க்கு, 300 ரூபாய்க்கு என்று பெட்ரோல் போட்டு, முள் எப்போதும் சிவப்பிலேயே நிற்கும்படி ஓட்டுவது சிறு வியாபாரிகளின் வழக்கம். பணமுடை எனக்குப் புரியாதது அல்ல. ஆனால் பெட்ரோலில் மூழ்கியிருக்க வேண்டிய மோட்டார் வெளியே தெரிந்தபடி ஓடினால் சூடாகும். டாங்கின் அடியில் தங்கிய கசடும் வலைக்கு வரும். கால் டாங்க் எப்போதும் இருக்கட்டும். அத்துடன் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 – 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறையே சொல்லியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியாக இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; பியூயல் பம்புக்கு முன்பு 28 சதவீதம் இருந்தது. வரிக்கு முன் 7,000 ரூபாய் விலை என்றால் பழைய கணக்கில் 8,960, இப்போது 8,260. அந்த 700 ரூபாய் பில்லில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. ரெகுலர் கணக்கில் இருப்பவர்கள் சரக்கு வேன் ரிப்பேருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். கடைப் பெயரிலேயே இருந்தாலும் சொந்த உபயோகக் காருக்கு எடுக்க முடியாது. காம்பவுண்டிங் கணக்கில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் கிடையாது. நம் உறுப்பினர் காம்பவுண்டிங். அவர் கட்டிய 1,332 போனது போனதுதான்.

மே 5 வணிகர் தின மாநாட்டில் ஆண்டுதோறும் ஆன்லைன் வியாபாரம் பற்றியும் பெரிய மால்கள் பற்றியும் தீர்மானம் போடுகிறோம். இனி இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: அசெம்பிளியாக விற்கும் பாகங்களில் அடிக்கடி கெடும் பாகத்தைத் தனியாகவும் விற்க வேண்டும், கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும், மாற்றுவதற்கு முன் பார்த்த கரண்ட் அளவையும் அழுத்தத்தையும் ஜாப் கார்டில் எழுத வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கார் ஆலையும் பாகம் செய்யும் ஆலையும் நிறைந்த இடத்தில் கடை வைத்திருக்கிற நாம் கேட்காவிட்டால் வேறு எந்த ஊர்ச் சங்கம் கேட்கும்? கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. மூட்டையாக விற்பதில் லாபம் அதிகம் என்பது நமக்குத் தெரியாததா?

அதுவரை நமது சங்க அளவில் ஒன்று செய்யலாம். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றுகிற, பில் தருகிற, பழைய பாகத்தைத் திருப்பித் தருகிற மெக்கானிக்குகள் பெயரை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். படப்பைத் தம்பியின் பெயரை நான் கொடுத்துவிட்டேன். ஏமாந்தவர்கள் பில்லின் நகலோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நம் உறுப்பினரிடமும் சொன்னேன். பழைய பம்ப் கையில் இல்லாமல் என்னவென்று புகார் சொல்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவருடைய தண்டல் பங்குனிக் கடைசியில்தான் முடிந்தது. எனக்கு வரவேண்டிய தவணையை அது முடியும்வரை பாதியாக வாங்கிக்கொண்டேன். இரண்டு விடுதிகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டதாம், இன்னொன்று வரவில்லை. என் காரிலிருந்து கழற்றிய மோட்டார் கடை மேஜையில்தான் இருக்கிறது. பார்க்க விரும்பும் அன்பர்கள் வரலாம். கால்கிலோ பருப்புப் பொட்டலம் அளவுதான் இருக்கும்.